சின்ன டிஸ்க்

நெல்லித்தோப்பில் இருந்த மொய்னுதீன் பாயின் ப்ளைவுட் கிடங்குக்குள் நுழைந்ததும் செல்வகுமார் உட்கார இடம் தேடினான். துப்பறியும் தொழிலில் பாதி நேரம் நின்றே கழிகிறது என்பது அவனுடைய நெடுநாள் புகார். மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு மேடு தென்பட்டது. போய் அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்தான்.

"அங்க உக்காராதீங்க!" என்று பதறினான் ஸாகிப். "மே நோன்... வேணாம் வேணாம், ஒரே அழுக்கு சார். பேன்ட் வீணாப் பூடும்."

செல்வகுமார் எழுந்துகொண்டான். அவன் பேன்ட்டின் மீது இத்தனை அக்கறை காட்டிய மனிதர் இதுவரை யாருமில்லை, அவன் மனைவி சரிதாவையும் சேர்த்துத்தான். ஸாகிப் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஓடிப் போய் எடுத்துவந்து போட்டான்.

அவனுடைய முதலாளி தஹ்ஸீன் இதையெல்லாம் பார்த்தாளா என்று தெரியவில்லை. அவள் கிடங்கின் நடுவில் நின்ற பிக்கப் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டவள். அந்த வேலையில் தினமும் பொய் கேட்டுக் கேட்டு, இப்போது யாராவது "வணக்கம்" சொன்னால்கூட ஏன் சொல்கிறார்கள் என்று யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டாள். துப்பறியும் ஆபீஸ் தொடங்க அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

வண்டி பாவமாக இருந்தது. இடது பக்கக் கதவு உள்ளே அமுங்கி, இருக்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்னால் பருத்த, உயரமான டயர்கள். முன்னால் ஒல்லியாக இரண்டு சின்னச் சக்கரங்கள். யானைக்கு ஆட்டுக்கால் மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறதே என்று செல்வகுமார் நினைத்தான்.

"இப்படித்தாம்மா நடந்துச்சு" என்றார் மொய்னுதீன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தொப்பி என்று எங்கேயோ கிளம்பிய கோலத்தில் இருந்தார். "எம் புள்ள அஃப்சலுக்கு இந்த வண்டிய ரேஸ் உட்றதுதான் உசுரு. அடுத்த மாசம் போட்டி. அதுக்குத்தான் சக்கரமெல்லாம் மாத்தினான். புதன்கிழம காலையில கனகசெட்டிக்குளத்துல, ஆளில்லாத லேஅவுட் ரோட்டுல ஓட்டிப் பார்த்திருக்கான். ரோடு முடியற எடத்துல வழுக்கிட்டுப் போயி சவுக்குமரத்துல மோதிட்டான். எடது காலு ரெண்டு எடத்துல முறிஞ்சிடுச்சு. இனிமே அந்தக் கால மடக்க முடியுமான்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கறார்."

ஸாகிப் அவர் தோளில் கை வைத்தான். அவருடைய தம்பி மகன். தம்பி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊரில் அந்தக் குடும்பத்தைச் 'சொல்தா வீடு' என்பார்கள், பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய். ஸாகிப் வளர்ந்தது, படித்தது, கார் மெக்கானிக் வேலை பழகியது எல்லாம் பாரிஸ் பக்கம். லீவுக்கு வந்தவன் நாளை இரவு திரும்பப் போகிறான்.

"நான் ரோட்டோரம் நின்னு டைம் பார்த்துட்டு இருந்தேன்" என்றான் ஸாகிப். "கண்ணு முன்னாடி நடந்துச்சு. எல்லாம் இந்த முன் வீலாலதான். மேட்டுப்பாளையத்துல டயர் கடை வெச்சிருக்காளே துர்கா, அவ எடுத்துக் குடுத்த சைஸு. இவ்ளோ சின்ன ரிம்ம எவனாவது இந்த வண்டிக்குப் போடுவானா? தொழிலே தெரியாது அவளுக்கு."

"அவங்ககிட்ட நீங்க பேசினீங்களா?" என்று கேட்டாள் தஹ்ஸீன்.

"வீல் மாத்தற அன்னிக்கு ஃபோன்ல பேசினேன். 'முன்னாடி சின்ன டிஸ்க் போட்டா வண்டி நகராது'ன்னு அவளே சொன்னா. அப்பறம் பார்த்தா பிரேக்ல கம்பெனி டிஸ்க்குதான் இருக்கு, பெருசு. சம்பந்தமில்லாம இன்னாவோ ஒளர்றா."

தஹ்ஸீன் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தாள். இரும்பில் வெள்ளைப் பெயின்டால் 'து' என்று எழுதியிருந்தது. எழுந்து, "செல்வா, ஒரு கை குடு" என்றாள். இருவரும் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். செல்வகுமார் பல்லைக் கடித்தான். வண்டி அசையவில்லை.

"கியர்ல இருக்கா?"

"இல்ல, நியூட்ரல்தான். மோதினதுல முன்னாடி இறுகிடுச்சு" என்றான் ஸாகிப். "கிரேன்ல தூக்கித்தான் கொண்டாந்தோம். சாயங்காலம் பழைய இரும்புக்காரர் லாரி வருது. நான்தான் வரச் சொன்னேன். பெரியத்தா இத தெனமும் பார்த்துப் பார்த்து அழுவுறாரு."

"என் கட்டடத்துலதாம்மா அந்தப் பொண்ணு கட வெச்சிருக்கு" என்றார் மொய்னுதீன். "காலி பண்ணுன்னு நான் ஒரு வார்த்த சொன்னா, அப்பறம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல யாரும் எடம் தர மாட்டாங்க. போலீஸ் கேஸும் சேந்துச்சுன்னா அவ பொழப்பே போச்சு. ஆத்திரத்துல செஞ்சிடக் கூடாதுன்னுதான் உன்ன கூப்ட்டேன். தப்பு அவ மேலதான்னு சொல்லிடு. அஸர் தொழுதுட்டு நேரா ஸ்டேஷன்தான். சட்டைகூட மாட்டிட்டேன்."

ஸ்கூட்டர் கிளம்பியதும் செல்வகுமார் கேட்டான். "அக்கா, யார் மேல சந்தேகம்?"

"எல்லார் மேலயும்."

"என் மேலயுமா?"

"நேத்து டீக்கடையில எத்தன வடைன்னு நீ சொன்ன கணக்கு இன்னும் இடிக்குது."

மேட்டுப்பாளையத்தில் துர்காவின் கடை பாதி ஷட்டர் இறக்கிய நிலையில் இருந்தது. இது முதல் சந்தேகம். கூப்பிட்டதும் அவள் வெளியே வரவில்லை, "யாரு?" என்று உள்ளிருந்தே கேட்டாள். இது இரண்டாவது. வாசலில் குவிந்து கிடந்த பழைய சக்கரங்கள் ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் 'து' என்று இருந்தது. செல்வகுமாரைப் பொறுத்தவரை வழக்கு அத்தோடு முடிந்துவிட்டது.

குனிந்து வந்தாள் துர்கா. முப்பது வயதிருக்கும். நைட்டிக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, கையில் வீல் ஸ்பேனர். கண் வீங்கியிருந்தது.

"பாய் வீட்டுலேந்து வரீங்களா? நான் போட்ட சைஸு சரியான சைஸு. எங்க வேணா வந்து சொல்றேன்."

"எங்களுக்குச் சொல்லுங்க. டிராக் ரேஸுக்கு சைஸ் எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்று தஹ்ஸீன் ஒரு டயர் மேல் உட்கார்ந்தாள்.

அந்தக் கேள்வியை இந்த வாரத்தில் யாரும் துர்காவிடம் கேட்டிருக்கவில்லை. அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "நேர் ரோட்டுல ஒரே மூச்சா ஓடணும். அவ்ளோதான் ரேஸு. வண்டிய தள்றது பின் சக்கரம். அங்க பெரிய டிஸ்க், கட்டையான டயருன்னு போட்டா பார்க்க ஷோவா இருக்கும், கெளம்பும்போது நின்ன எடத்துலயே சுத்தும். அதனால பின்னாடி சின்ன டிஸ்க்கா போட்டு, டயர் உயரமா, அகலமா போட்டேன். பக்கச்சுவரு உயரமா இருந்தாத்தான் அமுங்கி மடங்கி ரோட்ட புடிச்சிக்கும்."

"ஒரு நிமிஷம்" என்றான் செல்வகுமார். "பிரேக் டிஸ்க்க சின்னதாக்கிட்டீங்கன்னா வண்டி எப்படிங்க நிக்கும்? இதுக்குத்தான் இவ்ளோ கண்ணீரா?"

துர்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பிரேக்க பத்தி யாரு பேசினா?" காலடியில் கிடந்த வெறும் இரும்புச் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "இதான் டிஸ்க்கு. டயர் உக்கார்ற இரும்பு. எங்கப்பா லாரிக்கு டயர் மாட்டின காலத்துலேந்து எங்களுக்கு இதான் டிஸ்க்கு. டயரோட சேத்து வித்தா 'டிஸ்க் டயரு'ம்போம். நீங்க ரிம்முன்னு சொல்வீங்க."

"நான் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்க. பஞ்சர்னா தள்ளிட்டுப் போவேன்."

தஹ்ஸீன் சிரிக்கவில்லை. அவள் புருவம் ஏறி நின்றுவிட்டது. "முன்னாடி?"

"முன்னாடி ஒல்லி டயரு. இழுவ கம்மி. ஆனா டிஸ்க்கு பதினாறு இஞ்சுக்குக் கீழ எறங்கக் கூடாது. இந்த மாடல்ல பிரேக்க கவ்விப் புடிக்கிற காலிப்பர் பெருசு, உள்ள இடிக்கும். அந்த ஸாகிப் தம்பி ஃபோன்ல கேட்டப்பகூட அததான் சொன்னேன். அப்பறம் இன்னொண்ணு, ஒல்லி டயர்ல பிரேக்க ஒரே மிதியா மிதிக்கக் கூடாது, வழுக்கும். ரோடு முடியறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆக்ஸிலேட்டர்லேந்து கால எடுத்துடணும்னு அஃப்சல் அண்ணன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன். அவருக்கு அது நல்லாத் தெரியும். அவரு போயி எப்படி மிதிச்சாருன்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வரல."

"வண்டியில முன்னாடி இருக்கறது பதினாறு இல்லீங்க. சின்னது. அதுல உங்க 'து' இருக்கு" என்று போட்டு உடைத்தான் செல்வகுமார்.

துர்காவின் முகம் வெளுத்தது. வாசல் குவியலைப் பார்த்தாள். "பழைய மாடல் பிக்கப்போட பதினாலு டிஸ்க்கு ரெண்டு, டயரோட, அங்க கெடந்துச்சு. வியாழக்கிழம காலையிலேந்து காணோம். பழைய இரும்பு பொறுக்கறவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு விட்டுட்டேன்."

வசதியான திருட்டு என்று செல்வகுமார் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். கூடாது என்று தெரிந்த சைஸையே போட்டிருக்கிறாள், இப்போது திருடன் கதை விடுகிறாள். பாவமாகவும் இருந்தது, நம்பவும் முடியவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் எழுந்து வெளியே போய் அஃப்சலுக்கு ஃபோன் போட்டிருந்தாள்.

"அஃப்சல், தஹ்ஸீன் அக்கா பேசறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. மோதினப்ப சீட் பெல்ட் இறுக்கித் தோள்ல தடம் விழுந்திருக்குமே, அது எந்தத் தோளு?"

பதில் செல்வகுமாருக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரோ வெகுநேரம் பேசினார்கள். தஹ்ஸீன், "சரி, அழாத" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள். திரும்பி வந்து, "துர்கா, ஜாக்கிய எடுத்துக்குங்க. ஷட்டர முழுசா எறக்கிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

"அக்கா, அவங்களையே கூட்டிட்டுப் போயி ஒப்படைக்கறதா? கொஞ்சம் கொடூரமா இல்ல?"

"நீ மொதல்ல வண்டிய எடு."

கிடங்கு வாசலில் பழைய இரும்பு லாரி வந்து நின்றிருந்தது. ஸாகிப் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆட்களை அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். துர்காவைப் பார்த்ததும் அவன் கை நின்றது. மொய்னுதீன் அப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து திரும்பியிருந்தார். அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவள ஏம்மா இங்க கூட்டியாந்த?"

"ஒரு சக்கரத்த கழட்டணும் பாய். அவங்க கையாலதான் கழட்டணும்."

துர்கா முன்பக்கம் ஜாக்கி கொடுத்தாள். சக்கரம் தரையை விட்டு எழும்பியது.

"ஸாகிப், சுத்துங்க பார்க்கலாம்" என்றாள் தஹ்ஸீன்.

ஸாகிப் பிடித்துத் திருகினான். சக்கரம் நகரவில்லை. "சொன்னேனே, மோதினதுல இறுகிடுச்சு."

"கழட்டுங்க துர்கா."

நட்டுகள் ஒரு சுற்று, இரண்டு சுற்றிலேயே கையோடு வந்துவிட்டன. பாதி மரைகூட ஏறியிருக்கவில்லை. துர்கா சக்கரத்தை உருவிக் கீழே போட்டாள். இப்போது அச்சும் பிரேக்கும் மட்டும் மொட்டையாகத் தெரிந்தன. தஹ்ஸீன் அதை ஒரே விரலால் தள்ளினாள். அது சுகமாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

லாரிக்காரர்கூடப் பீடியை அணைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எதுவும் இறுகல பாய்" என்றாள் தஹ்ஸீன். "இந்தச் சக்கரத்த மாட்டினாத்தான் இறுகுது. உள்ள காலிப்பர்ல இடிக்குது. இத மாட்டிட்டு ஓடியிருந்தா இரும்புல வட்டமா கீறல் விழுந்திருக்கும். பாருங்க, ஒரே எடத்துலதான் கீறியிருக்கு, மாட்டினப்ப பட்டது. இந்தச் சக்கரத்தோட இந்த வண்டி ஒரு அடிகூட ஓடல. கனகசெட்டிக்குளம் வரைக்கும் எப்படிப் போச்சு? மரத்துல எப்படி மோதுச்சு?"

மொய்னுதீன் குனிந்து அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார்.

"மோதின பிறகு மாத்தியிருக்காங்க. துர்கா கட வாசல்லேந்து எடுத்தாந்து, பழி துர்கா மேல விழட்டும்னு."

"அப்ப அவ என்கிட்ட சொன்ன டிஸ்க்..." ஸாகிப்பின் வாய் அவனை முந்திக்கொண்டது. "டிஸ்க்னா பிரேக்தானே! ரிம்முக்கு எங்க ஊர்ல 'ழாந்த்'னு..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். நிறுத்தியதுதான் ஒப்புதல் வாக்குமூலமாகப் போயிற்று.

"ஆமா" என்றாள் தஹ்ஸீன். "அவங்க தெளிவா எச்சரிச்சிருந்தாங்க. உங்களுக்கு அந்த ஒரு வார்த்த புரிஞ்சிருந்தா இந்த சைஸ நீங்க தொட்டிருக்கவே மாட்டீங்க. மாட்டினதும் சுத்தலன்னு தெரிஞ்சிருக்கும். மோதினதால இருக்கும்னு நெனச்சுக்கிட்டீங்க. நல்ல சக்கரம் எங்க?"

செல்வகுமாருக்குத் தன் பேன்ட்டின் மீது ஸாகிப் காட்டிய அக்கறை நினைவுக்கு வந்தது. நேராக மூலைக்குப் போய்த் தார்ப்பாயை உருவினான். ஒல்லி டயரோடு பதினாறு இஞ்ச் சக்கரங்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. இரண்டிலும் 'து'.

"அக்கா, தடயத்து மேலயே உக்காந்து கண்டுபுடிச்ச மொத ஆளு நான்தான்" என்றான். பிறகு துர்காவின் முகத்தைப் பார்த்து அடங்கிக்கொண்டான். அவள் அந்தச் சக்கரங்களைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் முன்பு அவளைப் பொய்க்காரி என்று நினைத்ததற்காகச் செல்வகுமாருக்கு வெட்கமாக இருந்தது.

ஸாகிப் பெரியப்பாவின் கையைப் பிடித்தான். "தப்புதான் பெரியத்தா. அஃப்சலுக்காகத்தான் செஞ்சேன். அவன் கண்மண் தெரியாம ஓட்டினான்னு ஊரு பேசும், நீங்களும் திட்டுவீங்க. வீல் மேல பழி போட்டா அவன் தப்பிச்சுக்குவான்னு..."

மொய்னுதீனின் முகம் இளகியது. "எம் புள்ளைக்காகவாடா செஞ்ச?" என்றார். அவனை அணைத்துக்கொள்ளக் கை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க பாய்" என்றாள் தஹ்ஸீன். "அஃப்சல் வண்டிய ஓட்டல."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அமுங்கினது எடது கதவு. முறிஞ்சது அஃப்சலோட எடது காலு. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கு. ஒரு சந்தேகத்துக்கு அவனையே கேட்டேன், பெல்ட் தடம் எந்தத் தோள்லன்னு. எடதுன்னான். ஓட்டறவருக்கு பெல்ட் வலது தோள்ல வரும், பக்கத்துல உக்கார்றவருக்குத்தான் எடது. சொன்ன பிறகுதான் அவனுக்கே ஒறச்சுது. ஃபோன்லயே ஒடஞ்சு அழுதுட்டான். ஸாகிப் ஒரு வாட்டி ஓட்டிப் பார்க்கறேன்னு கேட்டானாம். ரோடு முடியற வரைக்கும் மிதிச்சுட்டு, கடைசியில பிரேக்க ஒரே மிதியா மிதிச்சானாம். கேஸ் ஆச்சுன்னா ஃப்ளைட் ஏற முடியாது, நீ ஓட்டினதா சொல்லுன்னு இவன் கெஞ்சினதுக்கு அஃப்சல் ஒத்துக்கிட்டான். துர்கா மேல பழி போட்டது அவனுக்குத் தெரியாது."

"நாளைக்கு ஃப்ளைட், பெரியத்தா" என்றான் ஸாகிப், அதுதான் பதில் என்பதுபோல. "வேல போயிடும்."

"அவளுக்கும்தானேடா போயிருக்கும்" என்றார் மொய்னுதீன்.

பெரியவர் துர்காவின் பக்கம் வந்தார். "நான் பழி சொன்னது காதுல விழுந்து ராவெல்லாம் அழுதிருப்ப. மன்னிச்சுக்கம்மா. போயி கடய தொற." துர்கா தலையை ஆட்டினாள். தரையில் கிடந்த நல்ல நட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப வண்டிய ஏத்தலாங்களா?" என்று கேட்டார் லாரிக்காரர்.

"வேணாம். போலீஸ் வந்து பார்க்கட்டும்." மொய்னுதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஸாகிப்பின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பெரியத்தா, எங்க?"

"ஸ்டேஷனுக்குத்தான். அதுக்குத்தானே காலையிலேயே சட்ட மாட்டினேன்" என்றார். "எழுதிக் குடுக்க வேண்டியதெல்லாம் மனசுல அப்படியே இருக்கு. பேர மட்டும் மாத்தணும்."